ரிவர்ஸ் கியரில் மலையேறியவர்

முன்னால் போக ஒரே ஒரு கியரும் பின்னால் போக மூன்று கியரும் உள்ள ஜீப்பை வைத்துக்கொண்டு, உலகத்திலேயே சிறந்த ஜீப் இதுதான் என்று மார்தட்டிய ஒரே மனிதர் எங்கள் போடிநாயக்கனூர் கார்பன் அண்ணன்தான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். ஊர் வைத்த பெயர் கார்பன். சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். அந்தக் காலத்து புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகளை எரிப்பார்கள். எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிவார். அவருடைய வெள்ளைச் சட்டை எதையும் நான் வெள்ளையாகப் பார்த்ததில்லை.

பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறிய எழுபதுகள் அது. நான் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடை சாத்தியதும் நேராக ஞானம் அண்ணாச்சியின் பேட்டரிக் கடைக்குப் போய்விடுவேன். அங்கே தினமும் மாநாடு நடக்கும். விவாதப் பொருள் ஒன்றுதான்: ஜீப்பை பேட்டரியில் ஓட்ட முடியுமா, முடியாதா? முடியும் என்பது கார்பன் கட்சி. முடியாது என்பது ஜக்கையன் கட்சி. ஜக்கையன், மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் பெட்ரோல் ஜீப்பின் டிரைவர். எந்தக் கட்சி ஜெயித்தாலும் பேட்டரி விற்கும் என்பதால் ஞானம் அண்ணாச்சி மட்டும் நடுநிலை வகித்தார்.

"தார் ரோட்டுல ஓடட்டும்ணே, நான் வேண்டாங்கல. மலையில, மழையில, சேத்துல? தண்ணி பட்டுச்சுன்னா உள்ள இருக்கிறவுக கதி என்ன?" என்பார் ஜக்கையன்.

"டயரு ரப்பர்தானப்பா."

"டயரு ரப்பரு. நீங்க ரப்பரா?"

இப்படியே பேசிப் பேசி ஒரு வருஷம் ஓடியது. அப்போதுதான் தியேட்டரில் புரொஜெக்டருக்கு மின்சாரம் கொடுக்க ரெக்டிபையர் என்ற புதுக் கருவி வந்தது. அதுவரை கார்பன் குச்சிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த பழைய ஜெனரேட்டரை இரும்புக்குப் போடப் போனார்கள். கார்பன் அண்ணன் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி வந்துவிட்டார். மின்சாரம் கொடுக்கிற இயந்திரத்துக்கு நாம் மின்சாரம் கொடுத்தால் அது மோட்டாராகச் சுற்றும் என்பது அவர் சித்தாந்தம். இன்ஜின் செத்துப்போன எஸ்டேட் ஜீப் ஒன்று கிடைத்தது. அதன் வயிற்றிலிருந்து இன்ஜினைப் பிடுங்கிவிட்டு ஜெனரேட்டரைப் பொருத்தினார். பின்பக்கம் முழுக்க லாரி பேட்டரிகள்.

பேட்டரிக் கடை வாசலில் முதல் ஓட்டம். ஊரே கூடியிருந்தது. கார்பன் அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு முதல் கியரைப் போட்டார். ஜீப் சத்தமே இல்லாமல் பின்னால் போய், ஞானம் அண்ணாச்சியின் பெயர்ப் பலகையைச் சாய்த்துவிட்டு நின்றது. இன்ஜின் சுற்றுகிற திசைக்கு நேர் எதிராக ஜெனரேட்டர் சுற்றியதால் வந்த வினை. முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் எல்லாம் பின்னால்தான் போயின. ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் முன்னால் வந்தது, அதுவும் நிறைமாதக் கர்ப்பிணியைப் போல.

"ஒயர மாத்திக் குடுத்தா நேராச் சுத்துமேண்ணே" என்றேன்.

மாற்றிக் கொடுத்தார். வருஷக்கணக்காக ஒரே பக்கச் சுற்றுக்குத் தேய்ந்து பழகிய உள் பிரஷ்கள் மறுபக்கச் சுற்றை ஏற்க மறுத்து நெருப்பைக் கக்கின. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணனின் மீசையில் பாதி காணாமல் போனது. மீதிப் பாதியை அவரே எடுத்துவிட்டு, பழைய திசையே போதும் என்று முடிவு செய்தார்.

இதுவரை ஊர் சிரித்ததோடு சரி. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி வேண்டியிருந்தது. அங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது. உப்புத் தண்ணீரில் கார்பன் குச்சியை இறக்கினால் மின்சாரம் கூடும், தூக்கினால் குறையும் என்று கண்டுபிடித்தார். தண்ணீர் ஊற்ற வாய் அகன்ற பாத்திரம் வேண்டும். வீட்டில் இருந்தது அண்ணனின் மனைவி காமாயி அக்காவின் சீதனப் பித்தளை அண்டா. அக்கா சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது ஜீப்பின் முன் இருக்கைகளுக்கு நடுவே ஏறி, போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர். மேலே கயிற்றில் தொங்கும் கார்பன் குச்சிகள்.

காமாயி அக்கா அண்டாவையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஜக்கையன் மூலமாகச் செய்தி வந்தது.

"அக்கா சொன்னாக: 'எந்த வண்டிக்கு எங்க ஆத்தா குடுத்த அண்டாவ எடுத்தாகளோ அதுலயே வந்து நிக்கச் சொல்லு. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நானே வெளிய வாரேன். வேற எவன் வண்டியில வந்தாலும் கதவத் தொறக்க மாட்டேன்.' சொன்னத அப்படியே சொல்லிட்டேண்ணே."

அதற்குப் பிறகு கார்பன் அண்ணன் ஆளே மாறிப்போனார். மாநாட்டில் வாய் திறப்பதில்லை. தியேட்டரில் ரீல்களை மாற்றிப் போட்டு, வில்லன் செத்த பிறகு இடைவேளை விட்டார். ஹோட்டல் இட்லியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "இன்னைக்குப் போறேன்" என்றார். அண்டாக் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று நான் ஏறிக்கொண்டேன். எங்கேயாவது நின்றுபோனால் எங்களை அள்ளிவர ஜக்கையன் தன் ஜீப்பில் பின்னாலேயே வந்தார்.

முந்தல் வரை பிரச்சினையில்லை. மாட்டு வண்டிகள் எங்களை முந்திப் போனதைத் தவிர அவமானமும் இல்லை. மலைப் பாதை பிரிந்ததும் கதை மாறியது. செம்மண் சேறு, செங்குத்தான ஏற்றம், ஒரு பக்கம் வாய்க்கால். "குச்சிய எறக்குய்யா" என்றார் அண்ணன். கயிற்றைத் தளர்த்தினேன். அண்டாத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஜீப் உறுமவில்லை, திணறவில்லை. ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி நகர்வதைப் போல மேலே போய்க்கொண்டே இருந்தது. ஏற்றத்தின் உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். ஜக்கையனைக் காணவில்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் பின்னால் இறக்கிப் போய்ப் பார்த்தோம்.

ஜக்கையனின் ஜீப் முதல் கியரில் ஏறமுடியாமல் பாதியில் செத்திருந்தது. அந்த மாதிரி இடத்தில் மலை டிரைவர்கள் ஒரு வித்தை செய்வார்கள். ஜீப்பில் ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகம். அதனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே ஏற்றிவிடுவார்கள். ஜக்கையனும் திருப்பினார். திருப்பும்போது சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது.

சேற்றில் நின்றபடி அவர் எங்கள் ஜீப்பை அண்ணாந்து பார்த்தார். ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"அண்ணே, இவ்வளவு தூரமும் ரிவர்ஸ்லயா ஏறுனீக?"

"எங்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதானப்பா."

"அட, நாங்க வண்டியத் திருப்பிப் போட்டு நாக்குத் தள்ள ஏத்துறத, நீங்க நேரா மூஞ்சியக் காட்டிக்கிட்டே ஏத்திப்புட்டீகளே."

"கயித்தப் போடட்டுமா?"

ஜக்கையன் கயிற்றின் நுனியை வாங்கித் தன் வண்டியில் கட்டினார். பேட்டரி ஜீப் பெட்ரோல் ஜீப்பை வாய்க்காலிலிருந்து இழுத்து மேலே ஏற்றியது. கார்பன் அண்ணன் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. நான் இருவருக்கும் சேர்த்துப் பேசினேன். பிளக்கில் சேறு ஏறிவிட்டது, துடைத்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்று ஜக்கையன் எங்களை அனுப்பி வைத்தார்.

சூப்பர்வைசர் வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம். அண்ணன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? எங்கள் வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே.

"கூப்பிடுங்கண்ணே" என்றேன்.

"அவதான் சத்தம் கேட்டா வாரேன்னிருக்கா. கூப்பிட்டா வாரேன்னு சொல்லல."

"ஹாரனாவது அடிங்க."

"ஹாரன் மாட்டல. பேட்டரி வீணாப் போகும்னு விட்டுட்டேன்."

இத்தனை மலையேறி வந்த மனிதர் கதவுக்கு முன்னால் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு, அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அது.

அந்த நேரம் பார்த்து, காடு அதிர ஜக்கையனின் ஜீப் வந்து சேர்ந்தது. அம்மிச் சத்தம் நின்றது. காமாயி அக்கா மசாலாக் கையோடு கதவைத் திறந்தார். அந்தப் பெட்ரோல் சத்தத்தைக் கேட்டு, வேறு வண்டியில் வந்தவரை ஏசி அனுப்பத்தான் வந்திருக்க வேண்டும்; முகமெல்லாம் கோபம். பிறகு எங்கள் ஜீப்பைப் பார்த்தார், ஆவி பறக்கும் அண்டாவைப் பார்த்தார், மீசையில்லாத கணவரைப் பார்த்தார்.

"எப்ப வந்தீக?"

"ரொம்ப நேரமாச்சு."

"சேத்துல யாரு தள்ளுனா?"

"யாரும் தள்ளலக்கா" என்று முந்திக்கொண்டார் ஜக்கையன். "என்னையவே இவுகதான் இழுத்துட்டு வந்தாக."

அக்கா உள்ளே போனார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன். சற்று நேரத்தில் கை கழுவி, துணி மூட்டையோடு அக்கா வெளியே வந்தார். என்னைப் பின்னால் பேட்டரிகள் மேல் போகச் சொல்லிவிட்டு முன்னால் ஏறினார்.

"இந்தக் கயிறுதானா? இப்படியா பிடிச்சிருப்பாக? குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். இறக்கம் முழுக்க அந்தக் கயிறு அவர் கையில்தான் இருந்தது. வேகம் எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்தார். கார்பன் அண்ணன் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். போடி பஜாருக்குள் நுழைந்தபோது, எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த ஜக்கையன் விஷயத்தைப் பரப்பிவிட்டிருந்தார். ஸ்டாண்டில் நின்ற பெட்ரோல் ஜீப்புகள் எல்லாம் வரிசையாக ஹாரன் அடித்தன. ஞானம் அண்ணாச்சி நடுநிலையைக் கைவிட்டு நடுத்தெருவில் நின்று கை தட்டினார்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வைக்கலாமா என்று பெண் வீட்டார் கேட்டார்கள். வேண்டாம், வண்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஊர்வலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேகம் எந்த வண்டிக்கும் கிடையாது. நாதஸ்வரக்காரர், இன்றைக்குத்தான் என் வாசிப்பு என் காதில் விழுகிறது என்றார். அண்ணன் ரிவர்ஸ் கியரில் முன்னால் ஓட்டினார், அக்கா கயிற்றைப் பிடித்திருந்தார், நான் மாலையோடு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய வண்டிகளில் போய்விட்டேன். அவ்வளவு பத்திரமாக யாரும் என்னை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.