விடாப்பிடி பெண் பார்த்த கதை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை அத்தனை கம்பெனி கேட்டிலும் நின்று தேடினாலும் எங்கள் விடாப்பிடியைப் போல் இன்னொருவர் கிடைக்க மாட்டார். கார் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவரும் நானும்தான். தொட்ட வேலையை முடிக்காமல் விட மாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

வடக்குப்பட்டுக் குடோனில் லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வேண்டும். குடோன் ஓய்ந்திருப்பது ஞாயிறு மட்டும்தான். அன்று பூட்டிவிடுவார்கள். ஆகவே வெளியிலிருந்தே லேப்டாப் வழியாக ஏற்ற வேண்டும். இதில் ஒரு வில்லங்கம். இரண்டு நிமிடம் எதையும் தொடாவிட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும். பாதியில் அறுந்தால் பழையதும் போய், புதியதும் வராமல், கம்ப்யூட்டர் வெறும் டப்பா. திங்கள் காலை லேபிள் இருக்காது, லாரி கிளம்பாது, விடாப்பிடியின் வேலையும் போய்விடும்.

"இணைப்பு அறாம பாத்துக்க புரோகிராம் இருக்குதே சார்?" என்றேன்.

"புரோகிராம் தூங்கிடும்பா. என் வெரலு தூங்காது."

நிமிடத்துக்கு ஒருமுறை ஷிப்ட் கீயில் ஒரு தட்டு. இதுதான் அவர் முறை. தும்மல் வந்தால்கூடத் தட்டிவிட்டுத்தான் தும்முவார்.

அதே ஞாயிறு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவருக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. வயது முப்பத்தாறு, எட்டு இடம் கைகூடாமல் இது ஒன்பதாவது. மனிதர் இரண்டையும் விடவில்லை. மடியில் லேப்டாப்போடு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். சிக்னலுக்காக டேட்டா கார்டை நீள ஒயரில் மாட்டி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றவன் நான். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"டேய், பொண்ணு வூட்டுக்காரங்க வந்துட்டாங்கடா. அந்தப் பொட்டிய மூடேன்!" என்று பல்லைக் கடித்தார் அவருடைய அம்மா.

"மூடுனா செத்துடும்மா."

நல்ல நாளில் நல்ல வார்த்தை! பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது.

"இன்னா மாப்ள, தலைய தூக்கி ஒரு வார்த்த பேசமாட்டீங்களா?"

"பேசறேங்க." ஒரு தட்டு. "பென்னலூருங்களா?" ஒரு தட்டு. "நல்ல ஊருங்க." இன்னொரு தட்டு.

"எழுந்திரும்மா, போலாம்" என்றார் அப்பா.

விடாப்பிடி பதறிப்போய் லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு, அவர் முன்னால் கைகூப்பினார். கூப்பிய கை எப்படித் தட்டும்? என் இரண்டு கையும் ஆகாயத்தில்.

"சார், ஒன்ற நிமிஷம் ஆச்சு!" என்று கத்தினேன்.

பட்டுப்புடவையோடு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஷிப்ட் கீயைத் தட்டினார். பென்னலூர் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர்.

"இதத்தானே தட்டணும்? நான் தட்டிக்கினு இருக்கேன், நீங்க எங்கப்பாகிட்ட பேசுங்க. லைன் நின்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?"

அன்று முழுக்க அப்போதுதான் விடாப்பிடி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பார்த்த கண்ணைத் திருப்பவே இல்லை. முக்கால் மணி நேரம் அந்தப் பெண்தான் தட்டினார். சிஸ்டமும் ஏறியது, சம்பந்தமும் முடிவானது.

திங்கள் காலை லாரிகள் வழக்கம்போல் கிளம்பின. கம்பெனியில் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குத்தான் மூன்று நாள் தோள்பட்டை வலி. அந்த மனிதருக்காக இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பேன்.