கடிக்கிற ஷூவும் என் குதிகாலும்

என் பிரியத்துக்குரிய தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. கணுக்காலுக்கு மேலே நான் பரம சௌக்கியம். நீயும் மச்சானும் கல்யாணப் பெண்ணும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நலமாயிருக்க வேண்டுகிறேன். உள்ளங்காலை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை, அதன் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"கல்யாணத்துக்கு வர்றியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் பேசுகிற வம்சமா நம்முடையது? கேள். காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் குதிகாலைத் தரையில் வைத்தால் ஆணி ஏறின மாதிரி சுரீர் என்கிறது, ஒரு வருஷமாக இதே கூத்து. உன் அண்ணி ஐஸ் வைத்தாள், பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் வெந்நீர்தான் சரி என்றார், இரண்டையும் மாற்றி மாற்றி வைத்ததில் சளி பிடித்ததுதான் மிச்சம். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, ஊசி போட்டு, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஆபரேஷன்தான், அப்புறம் கொஞ்ச நாள் காலைக் கீழே வைக்கக் கூடாது என்றுவிட்டார். அந்தக் கொஞ்ச நாளுக்குள்தான் உன் பெண்ணின் கல்யாணம் வருகிறது! செய்துகொண்டால் கட்டிலில் கிடந்து போனில் பார்க்கணும், செய்யாவிட்டால் மண்டபம் பூராவும் நொண்டணும். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மாமன், அவள் கல்யாணத்தன்று நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருப்பதா? நினைத்தாலே அழுகை வந்தது, தங்கச்சி. கடைசியில், நொண்டி மாமன் என்று அவள் தலைகுனிய வேண்டாம், வெட்டியே விடட்டும் என்று போன வாரம் கையெழுத்துப் போடப் போனேன்.

நம் ஷூ கடையின் வழக்கம் உனக்குத் தெரியும். வாங்கின ஷூ கடித்தால் கொண்டுவந்து கொடுத்தால் போதும், நானே மாட்டி நடந்து பழக்கிக் கொடுத்துவிடுவேன். என் காலுக்குச் சின்னதாக இருந்தால் இன்னும் விசேஷம், சீக்கிரம் இளகும். ஆனால் பாதிப் பேருக்கு ஒரு பக்கம்தானே கடிக்கிறது? அதனால் போன வருஷத்திலிருந்து வலது காலில் ஒருவருடையது, இடது காலில் இன்னொருவருடையது என்று ஒரே நடையில் இரண்டு பேர் வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். மூளை, தங்கச்சி, மூளை!

கையெழுத்துக்கு முன்னால் டாக்டரம்மா, "எங்க, ஒரு தடவ நடந்து காட்டுங்க" என்றார். நடந்தேன்.

"நில்லுங்க. ஏன் மேடு பள்ளத்துல போற மாதிரி போறீங்க?"

"இடது வக்கீலோடது டாக்டரம்மா, தட்டை. வலதுக்குக் குதி கொஞ்சம் உசரம்."

"வலது யாரோடது?"

நான் வலது காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவரே குனிந்து பார்த்தார்.

"ஐயையோ, இது என்னுது!"

சாயங்காலம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேனே, வேறென்ன செய்வது?

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷமாத்தான்..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "முதல்ல உங்க காலுக்கு ஒரு ஷூ போடுங்கய்யா. கொஞ்ச நாள் பாப்போம். கேக்கலன்னா கத்தி எங்கயும் ஓடிப்போகாது" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

உன் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் ஷூ வித்த மனுஷனுக்குச் சொந்தமா ஒரு ஷூ இல்ல!" என்று, நம் கடையிலேயே என் அளவில் மெத்தென்று ஒரு ஜோடி எடுத்து மாட்டிவிட்டாள். அடடா, ஷூ என்றால் இப்படி இருக்குமா! இவ்வளவு நல்ல சரக்கையா விற்றுக்கொண்டிருந்தேன்! ஒரு வாரமாக வலி பாதியாகிவிட்டது. இன்று கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கினேன், உன் அண்ணி கீழே நின்று கைதட்டினாள்.

ஆகவே நீ கேட்ட ஒரே வார்த்தை: வர்றேன்! மண்டபத்தில் முதல் ஆட்டம் என்னுடையது. இனிமேல் ஊரார் ஷூவுக்குள் என் கால் நுழையாது, இது உன் மேல் சத்தியம். கல்யாணப் பெண்ணுக்கு மாமனின் ஆயிரம் முத்தங்கள். மச்சானிடம், செலவை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமென்று சொல். எல்லாரும் கால் வலியில்லாமல் நூறு வருஷம் வாழணும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: மாப்பிள்ளைப் பையனுக்குக் கல்யாண ஷூ இடது பக்கம் கடிக்கிறதாமே? உடனே அனுப்பி வை, இரண்டே நாளில் பஞ்சாக்கித் தருகிறேன். வலது பக்கம் யாருக்காவது கடிக்கிறதா என்றும் வீட்டில் விசாரி, ஒரு காலைச் சும்மா வைத்திருப்பானேன்? உன் அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.