சயின்ஸ் சாரின் வலது கன்னம்

"சார், என்ன வலது கன்னம் மட்டும் தக்காளி மாதிரி சிவந்திருக்கு?"

ஸ்டாஃப் ரூமில் டிராயிங் டீச்சர் இப்படிக் கேட்டதும் சயின்ஸ் சார் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பல்வலி," என்றார். வாயில் வந்தது அதுதான்.

உண்மையைச் சொல்ல முடியுமா? போன மாதம் இதே அறையில், இதே டீச்சரின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த, முகச் சுருக்கத்துக்குப் பூசும் பெப்டைடு பாட்டிலைத் தூக்கிக் காட்டி முழங்கியவராயிற்றே! "இதெல்லாம் தோலுக்குள்ள போகவே போகாதும்மா. இதை வாங்குறவங்களுக்குச் சுருங்கினது முகம் இல்ல, மூளை!" எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு விட்டாரா மனுஷன்? வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணோரம் மூன்று கோடுகள். மறுநாளே இரண்டு பாட்டில் வாங்கிவிட்டார். ஆராய்ச்சியாம்! பாத்ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வலது கன்னத்தில் காப்பர் பெப்டைடு, இடது கன்னத்தில் சுருக்கத்தைத் தளர்த்தும் என்று அட்டையில் போட்டிருந்த இன்னொன்று. தினமும் கோடுகளை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினார். நாலு வாரமாகியும் இரண்டு பக்கமும் கோடுகள் அப்படியே இருந்தன. பொறுமை போய், நேற்று வலது பக்கம் மட்டும் ஐந்து தடவை அப்பினார். பலன் காலையில் தெரிந்தது. பவுடர் போட்டும் மறையவில்லை.

இது வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அப்புறம் அந்த டீச்சரை எந்த முகத்தோடு பார்ப்பது?

டீச்சரோ கைப்பையிலிருந்து கிராம்பு எடுத்து நீட்டினார். "கடிச்சுக்கோங்க சார், வலி பறந்துடும்."

மறுக்க வழியில்லை. கடித்தார். நாக்கு மரத்துப் பேச்சு குழறியது.

"ஐயையோ, சாருக்கு வாய் கோணுது!" என்று பி.டி. மாஸ்டர் ஐஸ் கட்டியை ஓடிப்போய் எடுத்துவந்து தேய் தேயென்று தேய்த்தார். இருந்த பவுடரும் வழிந்து, கன்னம் காதுவரை பளபளவென்று சிவந்து நின்றது.

அந்த நேரம் பார்த்தா ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளே வரவேண்டும்?

"பல்வலியா? சீழ் பிடிச்சிருக்கும் போல! கிளம்புங்க, என் கார்லயே போயிடலாம்."

"வேணாம் மேடம், சரியாயிடும்..."

"சின்னப் பிள்ளையா நீங்க? ஏறுங்க."

வழியெல்லாம் அவர் காட்டிய அக்கறையில் சார் கூனிக்குறுகிப் போனார்.

பல் ஆஸ்பத்திரியில் ஹெட்மிஸ்ட்ரஸ் வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே பல் டாக்டர், "எந்தப் பல்லு?" என்றார். சார் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினார்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு. ரொம்ப வலிக்குதா?"

"உயிர் போகுது டாக்டர்."

"அப்ப பிடுங்கிடலாம்."

ஊசி வாயருகே வந்ததும் சாருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "டாக்டர், பல்லுல ஒண்ணுமில்ல! பெப்டைடு! எது வேலை செய்யுதுன்னு பார்க்க ரெண்டு கன்னத்துல ரெண்டு தினுசு பூசினேன். வெட்கக்கேடு! உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், வெளியில இருக்கறவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"உங்க ஸ்கூல்லேர்ந்து பல்வலின்னு வந்து இதையே சொல்ற நாலாவது ஆள் சார் நீங்க. வெளியில இருக்கற மேடம்கூட போன வாரம் இதே நாற்காலியில உட்கார்ந்து, 'எங்க சயின்ஸ் சாருக்கு மட்டும் தெரிஞ்சுடக் கூடாது'ன்னு அழுதாங்க."