எதுக்கும் அண்ணனும் என் லாரி வயரிங்கும்

என் பொறுமை எவ்வளவு ஆழம் என்று எனக்கே தெரியாது. அதன் அடிவரைக்கும் இறங்கி, அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டீயும் குடித்துவிட்டு மேலே வந்த ஒரே மனிதர் எதுக்கும் அண்ணன். இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் அசதியாகத்தான் இருக்கிறது.

அவர் லாரி எலக்ட்ரீசியன். அவிநாசிக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. போர்டு கிடையாது. நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் தெரிந்திருக்கலாம். "எதுக்கும் ஒருக்கா பாத்துபோடலாங்க" என்று சொல்லாமல் அவர் எந்த வேலையையும் ஆரம்பித்ததில்லை. அதையே இன்னொரு முறை சொல்லாமல் எந்த வேலையையும் முடித்ததும் இல்லை. அதனால் எதுக்கும் அண்ணன்.

கையில் எப்போதும் ஒரு சின்ன பல்பு வைத்திருப்பார். அதிலிருந்து இரண்டு வயர் தொங்கும். எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று தொட்டுப் பார்க்கிற சாமான். கையில் இல்லாத நேரத்தில் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல அது கழுத்தில் கிடக்கும். ஒரு கல்யாணத்துக்கு அப்படியே வந்திருந்தார். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், மேடையைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் லைட்டைப் பார்த்ததும் முகம் மாறி, குனிந்து மேடைக்குப் பின்னால் போய்விட்டார். சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபம் முழுக்க லைட்டும் ஃபேனும் நின்றன. நாதஸ்வரக்காரரே பயந்து ஊதுவதை நிறுத்திவிட்டார். மேடைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒண்ணுமில்லீங்க, நீங்க பாட்டுக்குக் கட்டுங்க. நான் எதுக்கும் ஒருக்கா பாத்துபோடறேன்."

பஸ் ஏறுவதென்றாலும் நேரே ஏற மாட்டார். பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "டிரைவருங்க, பிரேக்கை ஒருக்கா மிதிங்க" என்று கத்துவார். விளக்கு எரிந்தால்தான் ஏறுவார். அந்த ரூட்டில் ஓடுகிற டிரைவர்கள் அவர் தலை தெரிந்ததுமே பிரேக்கை மிதித்துக் காட்டிவிடுவார்களாம்.

இவரிடம்தான் என் விதி என்னைக் கொண்டுபோய் விட்டது.

என்னிடம் ஒரு பழைய லாரி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் வால்பாறை எஸ்டேட் பக்கம் இருக்கிற கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுவது ஆறுச்சாமி. எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்த நான்கைந்து பேரும் ஆளுக்கொரு வயரை இழுத்திருந்தார்கள். ஒருவர் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற வயர். இன்னொருவர் ஸ்பீக்கர் வயர். ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஓடும். இடது பக்கம் சிக்னல் போட்டால் கேபினுக்குள் லைட் எரியும். ஆறுச்சாமி அதையெல்லாம் மனப்பாடம் செய்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் டேஷ்போர்டிலிருந்து புகை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்ணா, இதுக்கு மேல ஒட்டுப்போட முடியாதுங்க. முழு வயரிங்கையும் மாத்திபோடுங்க. அதும் எதுக்கும் அண்ணங்கிட்டத்தான் மாத்தோணும்."

வண்டி முழுக்க ஓடுகிற வயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, நுனிகளில் சாக்கெட் மாட்டி விற்கிறார்கள். வயரிங் செட் என்று பெயர். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டியதுதானே, மூன்று நாள் வேலை என்று நினைத்தேன்.

முதல் மூன்று நாளும் அவர் வண்டியைச் சுற்றி நடந்தார்.

நான்காம் நாள் கம்பெனி பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் சேசிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த மாடலுக்கு செட் வருவது நின்று வெகுகாலம் ஆயிற்று என்றார். சரி, கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். எதுக்கும் அண்ணன் எழவில்லை.

"நம்பரு பொய் சொல்லுதுங்க. வண்டியோட மூஞ்சி அந்த வருசத்து மூஞ்சி இல்லீங்க."

விசாரித்ததில், முன்பு யாரோ வண்டியை எங்கேயோ மோதி, வேறொரு லாரியின் கேபினை வாங்கி மாட்டியிருந்தார்கள். கேபின் பிந்தைய மாடல், அடிச்சட்டமான சேசிஸ் முந்தைய மாடல். முன்பக்கம் தம்பி, பின்பக்கம் அண்ணன். இத்தனை நாள் நான் ஒரு லாரிக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து டவுனில் ஒரு ஸ்பேர்ஸ் கடை. அங்கே பளபளவென்று ஒரு செட்டை எடுத்துப் போட்டார்கள். "இது எல்லா வண்டிக்கும் சேருமுங்க. செவப்புக்குச் செவப்பு, பச்சைக்குப் பச்சை மாட்டுனீங்கன்னா முடிஞ்சுது" என்றார் கடைக்காரர்.

"கலரைப் பாத்து நான் மாட்டறதில்லீங்க" என்றார் எதுக்கும் அண்ணன். பிறகு கடை வாசலிலேயே உட்கார்ந்து வயர் நுனியைச் சீவி, உள்ளே இருந்த செம்புக் கம்பிகளை நகத்தால் பிரித்து எண்ணினார். ஒரு துண்டைத் தீக்குச்சியில் கொளுத்தி மோந்து பார்த்தார். செட்டை முழுசாகப் பிரித்து ரோட்டோரம் மலைப்பாம்பு மாதிரி நீட்டிப் போட்டு, அதன் பக்கத்தில் தானும் படுத்து நீளம் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கம் இருந்த பேக்கரியைப் பார்த்தேன்.

"கம்பி சன்னமுங்க. சூடாகும். வேண்டாமுங்க."

அதன் பிறகு உக்கடத்துப் பழைய சாமான் கடைகள். ஒவ்வொரு கடையிலும் குவியலுக்குள் கையை விட்டு, உடைத்த லாரிகளின் வயரிங்கை இழுத்து இழுத்துப் பார்த்தார். வெயிலில் நின்று எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் என் சேசிஸ் வருடத்து செட் ஒன்று கிடைத்தது. அப்பாடா என்றேன். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வயராகத் தன் பல்பை வைத்துத் தொட ஆரம்பித்தார். இரண்டு நாள் தொட்டார். மூன்றாம் நாள், "பின்னாடிக்கு இது ஆகுமுங்க. முன்னாடிக்கு ஆகாதுங்க" என்றார்.

எஸ்டேட் கடைக்காரர்கள் தினம் போன் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டில் மனைவி, "ஏனுங்க, எனக்கு மாப்ள பாக்கறதுக்கே எங்க ஊட்ல இத்தனை நாள் ஆகுலீங்க" என்றாள். பதினாறாம் நாள் எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். "அவசரமா ஒரு லோடு இருக்குதுங்ணா" என்று பொய் சொன்னேன். அவர் வண்டியை ஒருமுறை பார்த்தார். "சரிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பளபள செட்டை வாங்கி, பீளமேட்டில் என் வீட்டுப் பக்கம் இருந்த வேறொரு எலக்ட்ரீசியனிடம் கொடுத்தேன். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. காலையில் ஆரம்பித்து மாலையில் முடித்தார். ஹாரன் அடித்தால் ஹாரன் அடித்தது. நான் மூன்று முறை அடித்துப் பார்த்தேன். ஆறுச்சாமி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மறுநாள் லோடு ஏற்றிக் கிளம்பினார்.

மத்தியானம் போன் வந்தது. பேசியது ஆறுச்சாமி என்று புரியவே நேரமாயிற்று. அவ்வளவு நடுங்கியது குரல். மலைமேல் பாதிக்கு மேல் ஏறியதும் பகலிலேயே கண்ணை மறைக்கிற பனிமூட்டம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே ஏறியிருக்கிறார். ஒரு வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டிலிருந்து புகை. லைட் போயிற்று, ஹாரன் போயிற்று, ஒரு நிமிஷத்தில் எல்லாம் போயிற்று. மேலே இருந்து பஸ் இறங்கி வருகிற சத்தம் கேட்டிருக்கிறது. இவர் குதித்து, டயருக்குக் கல் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை வீசிக்கொண்டு மேட்டில் ஓடியிருக்கிறார்.

"பஸ்ஸு என்ற மூஞ்சிக்கு முன்னாடி நின்னுதுங்ணா. கைய நீட்டியிருந்தா தொட்டிருப்பேன். டிரைவரு எறங்கி வந்து என்னைய வஞ்சுபோட்டு, அப்பறம் அவரே தண்ணி குடுத்தாருங்க."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று நான் சாப்பிடவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து அவிநாசிக்கே கொண்டுபோனோம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான். "ஆறுச்சாமிக்கு அடி கிடி படலீங்களே?" படவில்லை என்றதும் கழுத்திலிருந்து பல்பை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே படுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "பின்னாடி லைட்டுக்குப் போற சன்ன வயர்ல ஹெட்லைட்டைக் குடுத்திருக்கறாங்க. கம்பெனி வயரிங்ல ஒரு கலரும், இந்தச் செட்டுல வேற கலரும் வருமாமுங்க. கலரைப் பாத்து மாட்டுனா இப்படித்தானுங்க ஆகும்."

வெளியே நின்றுகொண்டிருந்த ஆறுச்சாமியிடம், "இவரு மட்டும் எப்படிக் கலர்ல ஏமாறுறதே இல்ல?" என்று கேட்டேன்.

ஆறுச்சாமி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவருக்குத்தான் செவப்பும் பச்சையும் தெரியாதுங்களே. ரெண்டும் ஒண்ணாட்டத் தெரியுமுங்க. அவிநாசிக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. பதினாறு நாள் கூடவே சுற்றியும் தெரியாது. கலரைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் ஏதோ கொள்கை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கலர் தெரியாத மனிதர், ஒவ்வொரு வயரையும் தொட்டுத் தொட்டுத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"டிரைவர் ஆகோணும்னுதானுங்க இருந்தேன். லைசென்ஸுக்குப் போனப்பக் கண்ணு டெஸ்ட்ல நிறுத்திபோட்டாங்க. சரி, ஓட்டத்தான் முடியாது, வண்டிகிட்டயாவது இருக்கலாம்னு இதுக்கு வந்துட்டேனுங்க."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. சேசிஸுக்கு உக்கடத்தில் எடுத்த பழைய செட். கேபினுக்கு, அந்த வருடத்து மாடலுக்கென்றே தடித்த கம்பி போட்டுச் செய்த வேறொரு செட். அதைத் தேடி ஈரோடு வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தார், பிரேக் லைட்டைப் பார்த்துவிட்டுத்தான். இரண்டையும் சீட்டுக்குக் கீழே சேர்த்தார். இரண்டு லாரிக்கு இரண்டு வயரிங் என்பதுதான் அவர் முதல் மூன்று நாள் வண்டியைச் சுற்றி நடந்து கண்டுபிடித்த விஷயம். அதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா தம்பி?" என்றார். நியாயம்தான்.

முடிந்தது என்று நினைத்தால், "எதுக்கும் ஒருக்கா நானும் மேல வாரேனுங்க" என்று லாரியில் ஏறிவிட்டார். ஆறுச்சாமி ஓட்ட, நடுவில் நான், ஜன்னலோரம் அவர். ஆழியாறு தாண்டி முதல் வளைவிலேயே வாந்தி எடுத்தார். மலைப்பாதை அவருக்கு ஆகாதாம். நாற்பது வளைவுக்கும் எடுத்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்; முப்பதுக்குக் குறையாது. ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டு, டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு வயர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். "சில்லுன்னு இருக்குதுங்க" என்பார். அடுத்த வளைவு வரும். வால்பாறையில் இறங்கி ஒரு கடையில் எலுமிச்சம்பழச் சாறு வாங்கிக் கொடுத்தோம். "திரும்பறதுக்கு பஸ்ஸுல போயிருங்ணா, முன்னாடி சீட்டாப் பாத்து ஏத்தி உடறேன்" என்றார் ஆறுச்சாமி.

"எறங்கறப்பச் சூடு வேற மாதிரி இருக்குமுங்க" என்று மறுபடி லாரியிலேயே ஏறினார். மறுபடி முப்பது.

அதிலிருந்து இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு போன். செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு, லாரி மலை ஏறி முடிக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுவார். ஓட்டுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால் எனக்குத்தான். "வண்டி ஏறீருச்சுங்களா?" ஏறிவிட்டது என்றால் வைத்துவிடுவார். நலமா, சாப்பிட்டீர்களா எதுவும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுப்பேன். ஆஸ்பத்திரி வரிசையில், துக்க வீட்டில், பத்திரிகைப் பத்தி எழுதிப் பாதியில் நிற்கும்போது, சரியாக அந்த நேரத்தில் அடிக்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வண்டி ஏறிவிட்டது என்று ஆறுச்சாமி சொல்லியும், பதினோரு மணிக்கு இவர் போன் அடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. பதினொன்றரைக்கு நானே கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். பன்னிரண்டுக்கு மறுபடி. சுவிட்ச் ஆஃப். மனைவி ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வெயிலில் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். கொட்டகையில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. கால் ஆடியது. அதற்கப்புறம்தான் நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கினேன். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"போனு பேட்டரித் தண்ணியில உழுந்து செத்துப்போச்சுங்க" என்றவர், சட்டென்று வெளியே ஊர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தார். "என்னுங்க தம்பி, இத்தனை தூரம்? வண்டிக்கு என்னமோ ஆயிப்போச்சுங்களா?"

"ஒண்ணும் ஆகலீங்ணா" என்றேன். "வண்டி நல்லபடியா ஏறீருச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."