சுக்கானுக்கு ஆகாத கருவாடு

கருவாட்டை விடு, பீடியை விடு, தினமும் நட என்று நெஞ்சு டாக்டர் சொன்ன அன்றே நான் உறுதியாக ஒரு முடிவெடுத்தேன். அந்த டாக்டரை விட்டுவிட்டேன். புயலுக்கே பயப்படாத தண்டபாணி மருந்துச் சீட்டுக்கா பயப்படுவான்? என் மனைவி நீலா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாவிட்டால்தான் உஷாராக இருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் எங்கள் நாய் சுக்கான் மயங்கி விழுந்தது. நான் காசிமேட்டில் போட் ஓட்டிய காலமெல்லாம் கூடவே கடலுக்கு வந்த நாய். கருவாடு சுட்டால் தலை அதற்கு, மிச்சம் எனக்கு. திரும்பி வரும்போது கலங்கரை விளக்கம் தெரிந்ததும் முன்பக்கம் ஏறி நின்று குரைக்கும். அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறவர்கள் எழுந்து கயிறு எடுப்பார்கள். போட்டை விற்ற பிறகு, அந்த நாட்களிலிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

நீலாதான் ஆட்டோவில் போட்டுப் பெரம்பூர் நாய் டாக்டரிடம் காட்டி வந்தாள். இதயத்தின் சதை தொளதொளத்துப்போய் ரத்தத்தைத் தள்ள முடியவில்லையாம். குணமாகாது, மாத்திரையும் கவனமும் இருந்தால் கொஞ்ச காலம் கூட இருக்குமாம். எனக்கு அழுகை வந்தது. அவள் சட்டம் போட்டாள்.

"வூட்ல கருவாட்டு வாசனையே வரக் கூடாது. வாசன பட்டா துள்ளும், துள்ளுனா நெஞ்சு தாங்காது. பீடிப் புகையும் ஆகாது. காலைல மெதுவா நடக்க வைக்கணும்."

"யாரு, நானா?"

"பின்ன, அது தனியாவா கடற்கரைக்குப் போவும்?"

காலடிப்பேட்டையில் பழைய கூட்டாளி ஹென்றி வீட்டில் ஒளிந்து நெத்திலிக் கருவாடு தின்றேன். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கைகழுவி வந்தேன். சுக்கான் விரலை முகர்ந்தது. தன் பங்கு எங்கே என்று பார்த்தது. வாலை ஆட்டி ஆட்டியே மூச்சு வாங்கியது. அன்றோடு எல்லாவற்றையும் விட்டேன்.

மறுமுறை நானும் போய், என் தியாகத்தை நாய் டாக்டரிடம் அளந்தேன். அவர் விழித்தார்.

"நாய்க்கு உப்பு ஆகாதுன்னுதாங்க சொன்னேன். நீங்க சாப்பிடக் கூடாதுன்னு சொல்லலையே."

நீலா சுக்கானின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அது உன் டாக்டரு சொன்னது. உன் நெஞ்சுக்குன்னா நீ கேக்க மாட்ட. அதான் சுக்கான் நெஞ்ச வச்சி சொன்னேன்."

வெளியே வந்ததும் கறாராகச் சொன்னேன், இன்றைக்கே கருவாடு வறுத்தாக வேண்டும் என்று.

"வறுக்கறேன். சுக்கானாண்ட நீயே சொல்லிக்கோ."

சுக்கான் நிமிர்ந்து என்னைப் பார்த்து வாலாட்டியது.

அன்றைக்கு ரசம் நன்றாகத்தான் இருந்தது.