சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால்

"பிரேக்கப் பிடிங்க! ஐயோ, பிரேக்க!" என்று மனைவி கத்தினாள்.

பிரேக் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். கைதான் அங்கே இல்லை. சைக்கிளின் முன்னால் மாட்டுக் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, முழங்கைகளைக் குட்டித் திண்டுகளில் பதித்து, மனிதர் முக்கால்வாசி குப்புறக் கிடந்தார். பிரேக்கோ அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்தில் இருந்தது. கையை எடுத்தால் விழுந்துவிடுவோமோ என்று பயம். எடுக்காவிட்டால் எதிரே குடியிருப்பின் இரும்புக் கேட்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் கேட் வந்துவிட்டது.

"அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சைக்கிளப் பாரு! கீறல் இருக்கா? மேனேஜர் சைக்கிள்!"

சொந்த முழங்காலில் ரத்தம் வழிவதைக்கூடப் பார்க்காமல் சைக்கிளைத் தடவிக் கொடுத்த இந்த மனிதர், கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். வெளியே போகும் ஒவ்வொரு கதவையும் அளந்து பார்ப்பது அவர் வேலை. ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்குப் பெயரே மில்லிமீட்டர் என்று ஆகிவிட்டது. அளவுகோல் கையில் இருக்கும்வரை அவர் புலி. கீழே வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் பயம். அதிலும் மேனேஜர் என்றால் சொல்லவே வேண்டாம்.

வினை ஒரு போஸ்டர் வடிவத்தில் வந்தது. ஏரியில் நீச்சல், பிறகு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்று பேர் ஓர் அணியாகவும் சேரலாம். தொழிற்சாலை நடைவழியில் யாரோ ஒட்டியிருந்தார்கள். அது வலப்பக்கம் லேசாகச் சரிந்திருப்பதாகப் பட்டதால் மில்லிமீட்டர் அதன் முன்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன, நல்லாயிருக்கா?" பின்னாலிருந்து மேனேஜரின் குரல்.

"சூப்பரா இருக்கு சார்!"

மேனேஜர் எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அதுதான். மறுநாள் அறிவிப்புப் பலகையில் அணியின் பெயர்கள்: நீச்சல் மேனேஜர், சைக்கிள் மில்லிமீட்டர், ஓட்டம் மேனேஜரின் டிரைவர். படிக்க வெளிநாடு போய்விட்ட மேனேஜர் மகனின் பந்தய சைக்கிளை அன்று மாலையே அந்த டிரைவர் மில்லிமீட்டரின் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

மாட்டேன் என்று சொல்லிவிடலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

"சொல்லலாம். அறுநூறு கிலோமீட்டர் தள்ளிப் புதுசா ஒரு ஃபேக்டரி திறக்கறாங்க, தெரியுமில்ல? இங்க இருக்கற பரிசோதகருங்க ரெண்டு பேர்ல ஒருத்தர அங்க அனுப்பப் போறாங்க. யாருன்னு மேனேஜர்தான் முடிவு பண்ணணும். நான் மாட்டேன்னு சொன்ன மறு நிமிஷம் என் பேர எழுதிடுவாரு. உனக்கு இங்க லேப்ல வேலை. பொண்ணு பத்தாவது. நான் அங்க தனியாக் கெடந்து என்ன பண்ணுவேன்?"

மனைவி பஞ்சை எடுத்துவந்தாள். புண்ணுக்கு மருந்து தடவினாள்.

முதல் வாரம் கழுத்து போயிற்று. குனிந்தபடியே சாலையைப் பார்க்க வேண்டியிருந்ததால் ஆமைபோல் தலையைத் தூக்கித் தூக்கி, பக்கவாட்டில் திரும்பவே முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பினார். சரி என்று முன்கம்பிகளை நாற்பது மில்லிமீட்டர் உயர்த்தினார்.

கழுத்து பிழைத்தது. ஆனால் உடம்பின் பாரம் முழுக்க சீட்டில் இறங்கி, வெளியே சொல்ல முடியாத ஓர் இடம் மரத்துப்போய்விட்டது.

"என்னங்க, ஒரு மாதிரி நடக்கறீங்க?"

"கால்ல லேசா சுளுக்கு."

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிள்ளிப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஒரு மணி நேரம் கழித்து உணர்ச்சி திரும்பியபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்று மாலையே சீட்டின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்.

அந்த இடம் பிழைத்தது. ஆனால் சாய்ந்த சீட்டிலிருந்து ஓயாமல் முன்னால் வழுக்க ஆரம்பித்தார். வழுக்காமலிருக்கக் கையை ஊன்றி ஊன்றி, இப்போது விரல்கள் மரத்துப்போயின. ஒரு பரிசோதகருக்கு விரல் போய்விட்டால் என்ன மிச்சம்? மறுநாள் அவர் அளந்து, தட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட கதவு மூன்று மில்லிமீட்டர் அகலம் கூடுதல். அது போய்ச் சேர்ந்த இடம் மேனேஜரின் அறை. மேனேஜர் உள்ளே போய் அழுத்திச் சாத்தியதும் கதவு நிலையில் கெட்டியாக இறுகிக்கொண்டுவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, இழைப்புளியும் கடப்பாரையுமாக மேனேஜரை மீட்டார்கள். மில்லிமீட்டர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் திட்டவில்லை. கிட்டத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"கை மரத்துப்போச்சா? சைக்கிளாலயா?"

"இல்ல சார்... வந்து..."

"ரொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. போட்டிய விட்டுடலாம். தப்பே இல்ல."

கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டார். மில்லிமீட்டருக்குத் தெரியாதா என்ன? இது சோதனை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறுநூறு கிலோமீட்டர்!

"கஷ்டமா? சும்மா மெத்தையில படுத்த மாதிரி இருக்கு சார்!"

"அப்படியா..." என்றார் மேனேஜர். முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னதை இவர் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு மில்லிமீட்டர் அன்றைக்குக் கூடுதலாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டினார்.

அப்புறம் சீட்டை இறக்கினார், முழங்கால் போயிற்று. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினார். சீட்டை ஏற்றினார், மிதிக்கும்போதெல்லாம் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் தேதிபோட்டு எழுதிவைத்தார். படித்துப் பார்த்த மனைவி, "இதுல உங்க உடம்புல பாக்கி இருக்கறது காது மட்டுந்தான்" என்றாள்.

கடைசியில் அவள்தான் அவரை ஒரு பெரிய சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடையை நடத்தியவள் ஒரு பெண். பழைய பந்தய வீராங்கனை. சைக்கிளை நகராதபடி ஒரு தாங்கியில் பூட்டி, அவரை ஏறி மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"எங்கெல்லாம் மரத்துப்போகுது சார்?"

"கை விரல்... அப்புறம்..." மனைவியைப் பார்த்தார்.

"சரி, புரிஞ்சுது. எல்லாருக்கும் வர்றதுதான். வெக்கப்பட்டா அங்க ரத்தம் ஓடாது."

"அதான் சுளுக்கா!" என்றாள் மனைவி.

கடைக்காரி நோட்டைப் புரட்டிச் சிரித்தாள். "வலிக்கற எடத்த மட்டும் மாத்திக்கிட்டே போயிருக்கீங்க சார். ஒண்ண அசைச்சா மத்ததெல்லாம் அசையும். மொதல்ல உக்கார்ற எடம், அப்புறம்தான் கை. வேகமாப் போறேன்னு ஒரேயடியாக் குனிய வேணாம். மூச்சு நல்லா விட முடியுதா, அதுதான் உங்க அளவு."

சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூக்கு பிளந்த வேறொன்றை மாட்டினாள். உயரத்தைச் சரிபார்த்துவிட்டு, "சீட்ட இன்னும் கொஞ்சம் முன்னால" என்று தள்ளினாள். முழங்கைத் திண்டுகளை நெருக்கி, எலும்பில் பாரம் நிற்கிற மாதிரி அமைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் மில்லிமீட்டர் மிதித்துப் பார்த்தார். எங்கேயும் வலி இல்லை. மறுபடியும் மிதித்தார். நிஜமாகவே இல்லை.

மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். இரண்டு நாள்தான் அந்தச் சிரிப்பு.

வலி இருந்தவரை வண்டி நத்தையாக ஊர்ந்தது. வலி போனதும் அது பறக்கத் தொடங்கியது! மூன்றாம் நாள் காலை ஓர் இறக்கத்தில் வேகம் ஐம்பதைத் தொட்டது. கண்ணில் தண்ணீர், காதில் காற்று, உயிர் தொண்டைக்குழியில். எதிரே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. கையைப் பிரேக்குக்குக் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மணல் குவியலுக்குள் நேராகப் போய்ச் செருகிக்கொண்டார்.

சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வாயிலிருந்து மணலைத் துப்பியபோது, இனிமேல் இதில் ஏறினால் நான் செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

"போதுங்க" என்றாள் மனைவி. "எங்க வேணாலும் மாத்தட்டும். நீங்க உசுரோட இருந்தாப் போதும். இப்பவே போன் பண்ணுங்க."

நம்பரைப் போட்டார். முதல் மணியிலேயே மேனேஜர் எடுத்துவிட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். சொல்லுங்க! ஏதாவது பிரச்சினையா? சீட்டா? முதுகா? மறைக்காம சொல்லுங்க, நாளான்னிக்குப் போட்டி. வேணாம்னா இப்பவே நிறுத்திடுவேன்!"

குரலில் என்ன ஒரு அவசரம்! அவர் கையில் பேனாவும், முன்னால் இடமாற்றப் பட்டியலும் இருப்பது மில்லிமீட்டருக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது. மகளின் பரீட்சை தெரிந்தது. ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒற்றை அறை தெரிந்தது.

"பிரச்சினையா? பட்டு மாதிரி போகுது சார்! எப்படா ஞாயித்துக்கிழம வரும்னு காத்துட்டு இருக்கேன்!"

"சரி" என்று ஒரு பெருமூச்சோடு அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் நல்ல கூட்டம். மேனேஜர் ரப்பர் தொப்பியும் நீச்சல் கண்ணாடியுமாக நின்றார். முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. இவ்வளவு கோபமாக அவரை மில்லிமீட்டர் பார்த்ததே இல்லை.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் மேனேஜர். "உங்களுக்கு வேணாம்னா..."

"உயிரே போனாலும் பின்வாங்க மாட்டேன் சார்!"

மேனேஜர் அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை நோக்கி நடந்தார். விசில் ஊதினார்கள். இருநூறு பேர் தண்ணீரில் பாய்ந்தார்கள். மேனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

மில்லிமீட்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட், திண்டு, கம்பி எல்லாம் அச்சு அசலாக அதனதன் அளவில் இருந்தன. அவர்தான் ஒரு நிலையில் இல்லை. பக்கத்தில் டிரைவர் தரையில் உட்கார்ந்து, ஓடுவதற்காக ஷூ கட்டிக்கொண்டிருந்தார். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்; கண் கலங்கியிருந்தது. சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏன் சார், உங்களுக்கு மனசாட்சியே கெடையாதா? போஸ்டரப் பாத்து நீங்க ஆசைப்பட்டதுக்கு, தான் வரமாட்டேன்னு சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிடுவீங்களோன்னு பயந்து, வாளித் தண்ணியக் கண்டாலே நடுங்கற மனுஷன் ஆறு வாரமா நீச்சல் கத்துக்கிட்டாரு. அவரு அத்தன தடவ கேட்டாரே, ஒரு தடவையாவது 'வேணாம் சார்'னு சொல்லியிருக்கக் கூடாதா?"