பல்லுத் தீட்டச் சொன்ன கோப்பு

மென்பொருள் எழுதுகிறவர்கள் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவைக்கிற எதுவும் ஒருநாள் ஊர் முன்னால் வந்து நிற்கும். என்னுடையது ஒரு பல் கிளினிக்கின் நோயாளிகள் எல்லோருடைய கைபேசியிலும் வந்து நின்றது.

அப்போது நாங்கள் சிட்னியில், டூங்கபியில் இருந்தோம். பரமட்டாவில் எனக்கு வேலை. என் விசா, கணவர் ரஞ்சனின் விசா எல்லாம் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பல் கிளினிக்குகளுக்கான மென்பொருள் அது. முன்பதிவு, கட்டணம், குறுஞ்செய்தி என்று ஒவ்வொன்றும் தனிப் பகுதி. ஒரு கிளினிக் ஒரு சொல்லை மாற்றக் கேட்டாலும் நிரலுக்குள் கைவைக்க வேண்டும். இனி ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டிய சொற்களையும் அமைப்புகளையும் அந்தந்தக் கிளினிக்கின் கோப்பிலிருந்து தானே படித்துக்கொள்ளும்படி செய்வது என் பொறுப்பு. (ஏதோ அணை கட்டியவள்போல எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.)

"கிளினிக்கின்ர கோப்பு இல்லாட்டி மெசேஜ் போகாமல் நிண்டிட வேணும்" என்றேன், சென்னைக்காரரான மேலாளர் முரளியிடம்.

"நின்னா கஸ்டமர் முன்னாடி அசிங்கமாயிடும்மா. ஏதாவது ஒண்ணு போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

ஏதாவது ஒன்று போனது.

கிளினிக்கின் கோப்பு இல்லாவிட்டால் எடுக்கட்டும் என்று, சோதனைக்காக வைத்த மாதிரிக் கோப்பையே இப்போதைக்கு விட்டுவைத்தேன். அதில் என் மகனை நினைத்து ஒரு வரி எழுதியிருந்தேன். புதிய கிளினிக்கின் கோப்பை சேர்வரில் ஏற்ற யாரோ மறந்துவிட்டார்கள். நிரல் மாதிரிக் கோப்பை எடுத்து, "பல்லுத் தீட்டாமல் படுத்தால் அடி விழும் – அம்மா" என்று அழகான தமிழில் அத்தனை பேருக்கும் அனுப்பியது. வெள்ளைக்காரர்கள் மோசடி என்று பயந்து கிளினிக்கை அழைத்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு அன்ரி நேரிலேயே போய்விட்டார்.

"எனக்கு இருக்கிறது முழுக்கக் கட்டுப்பல்லு. ஆர் எனக்கு அடிக்கப் போறது?"

இதை விசாரித்த அலுவலகக் கூட்டத்தில் முரளி, இதெல்லாம் தன் பார்வைக்கே வரவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை. விசா தொங்குகிறவளின் வாய் லேசில் திறக்காது. திறக்காமலிருந்தும் பயனில்லை. இனி விசாவுக்கு ஸ்பொன்சர் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என் கோப்பு முறை மட்டும் இன்றும் அங்கே நன்றாக ஓடுகிறதாம், முரளியின் சாதனையாக.

மெல்பேர்னில், கிளேட்டனில் வேறு வேலை கிடைத்தது. மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு இங்கே வந்தோம்.

"நல்ல சிட்னியை ஏன் விட்டனீங்கள்?" என்று வீட்டுக்கு வருகிற யாராவது கேட்பார்கள். ரஞ்சன் அதற்காகவே காத்திருப்பார்.

"இவ ஊருக்கே பல்லுத் தீட்டச் சொன்னவ. வேலையை விட்டுக் கலைச்சுப்போட்டாங்கள்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.